துணைதேடல் தளங்களில் முகப்புப் படம்: 'சிறந்த படம்' என்னும் அளவுகோல் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

இணையவழித் துணைதேடலில் ஒருவரை மேலும் அறிய விரும்புவதா, விலக்குவதா என்னும் முதல் முடிவு பெரும்பாலும் அவருடைய முகப்புப் படத்தைக் கொண்டே எடுக்கப்படுகிறது. ஆகவே எத்தகைய படத்தை இடலாம் என்பது குறித்த அறிவுரைகள் பெருகியுள்ளன. இப்பொருள் பற்றிய மூன்று ஆய்வுகள் 'சிறந்த படம்' என்பதை எதனைக்கொண்டு அளக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எண்ணிக்கை என்னும் அளவுகோல்

அமெரிக்காவின் ஓகேக்யூபிட் தளத்தை நிறுவியவர்களுள் ஒருவரான கிறிஸ்டியன் ரடர், 7,000க்கும் மேற்பட்ட முகப்புப் படங்களைப் பகுத்தாய்ந்த முடிவுகளை 2010இல் வெளியிட்டார். பெண்களுக்குக் கேமராவை நேராக நோக்கும் படமும், ஆண்களுக்குப் புன்னகையின்றி வேறுபுறம் நோக்கும் படமும் மிகுந்த தொடர்புகளைப் பெற்றுத் தந்ததாக அவர் கண்டார். புன்னகையே எவர்க்கும் ஏற்றது என்னும் பொதுநம்பிக்கையைத் தரவுகொண்டு சோதித்தமை இதன் சிறப்பு. எனினும், உடன்நிகழ்வதைக் காரணமெனக் கொள்ளல் ஆகாது. வேறுபுறம் நோக்கிய ஆண்கள் வயதிலோ தோற்றத்திலோ தம்மைப் பற்றி எழுதிய முறையிலோ பிறரினின்று வேறுபட்டிருக்கலாம். ஒருவரே இருவகைப் படங்களையும் இட்டு ஒப்பிட்டாலன்றி, பார்வையின் திசையே பயன் தந்தது எனத் துணிய இயலாது.

தேர்பவர் யார்?

டேவிட் வைட்டும் அவர்தம் குழுவினரும் ஆஸ்திரேலியாவில் நிகழ்த்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஒரே ஆளின் படங்களையே தம்முள் ஒப்பிட்டமையால் மேற்கண்ட குறை இதில் இல்லை. 102 மாணவர்கள் தத்தம் 12 படங்களிலிருந்தும், அறிமுகமற்ற ஒருவரின் படங்களிலிருந்தும் ஏற்றவற்றைத் தேர்ந்தனர். உரியவர் தேர்ந்த படங்களைவிட அறிமுகமற்றோர் தேர்ந்தவையே பார்ப்போரிடம் நன்மதிப்பைப் பெற்றன. தன் முகத்தைத் தானே மதிப்பிடுவதில் ஒருவர் தடுமாறுகிறார் என்பது இதனால் புலனாகிறது. ஆயினும் இங்கும் அளக்கப்பட்டது முதற்பார்வையில் எழும் மதிப்பீடே.

படமும் ஆளும்

ஜெஃப்ரி ஹான்காக், கேட்டலினா டோமா ஆகியோரின் 2009ஆம் ஆண்டு ஆய்வு வேறொரு வினாவை எழுப்பியது. துணைதேடல் தளங்களில் இருந்தோரின் முகப்புப் படங்கள், ஆய்வகத்தில் எடுக்கப்பட்ட அவர்தம் படங்களோடு ஒப்பிடப்பட்டன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் படங்கள் உண்மைத் தோற்றத்துக்குப் பொருந்தாதவை என நடுவர்கள் மதிப்பிட்டனர். உரியவர்களோ அவற்றைப் பெரிதும் பொருத்தமானவை என்றே கருதினர். எனவே பொருந்தாப் படங்கள் அனைத்தையும் திட்டமிட்ட ஏமாற்று எனக் கொள்வது பிழையாகும்.

முடிவுரை

முதல் இரு ஆய்வுகளும் படம் பிறரை ஈர்க்குமா என்று கேட்கின்றன. மூன்றாவது, படம் உரியவரை ஒத்திருக்கிறதா என்று கேட்கிறது. அறிவுரைகள் முதல் வினாவோடு நின்றுவிடுகின்றன. ஆனால் ஈர்த்த படத்தை நம்பி வருபவர் சந்திப்பது படத்தையன்று, ஆளையே. அங்கு ஏற்படும் ஏமாற்றம் இருவரையும் தாக்கும். கவர்ச்சியை அறிமுகமற்றவர் கணிக்கக்கூடும். ஒப்புமையைக் கணிக்க நாள்தோறும் அம்முகத்தைக் காணும் நண்பரே தக்கவர். இது மேற்கண்ட ஆய்வுகளை இணைத்து நோக்குவதால் பெறப்படும் கருத்தேயன்றி, அவை நிறுவிய முடிவன்று. சந்திப்புக்குப் பிந்தைய மதிப்பீட்டையும் உட்கொள்ளும் ஆய்வே 'சிறந்த படம்' என்னும் தொடருக்கு உரிய பொருளைத் தரும்.