அவருடைய ஒற்றுப்பிழை

விக்கிப்பீடியாவில் ஒருவருடைய பயனர் பக்கத்தில் 'முயற்ச்சி' என்றிருந்தது. 'தொகு' பொத்தானை அழுத்தி அந்த 'ச்'சை எடுத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் அவர் பழையபடி மீளமைத்துவிட்டார், ஒரு வார்த்தை சொல்லாமல். எனக்குக் கோபம். சரியானதைத்தானே செய்தேன்?

பயனர் பக்கம் பயனருக்குச் சொந்தமில்லை, சமூகத்துடையது என்கிறது ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டல். கூடவே, பிறர் பக்கத்தில் பெரிதாகக் கைவைக்காமல் இருப்பதுதான் மரபு என்றும் சொல்கிறது. முரண்பாடு மாதிரி தெரியும். ஆனால் இல்லை. கட்டுரையில் 'நான்' கிடையாது, அதனால் யாரும் திருத்தலாம். பயனர் பக்கத்தில் பேசுவதே 'நான்'தான். அதைத் திருத்தினால் அவர் குரலில் நான் பேசுகிறேன் என்று அர்த்தம். பேச்சுப் பக்கத்தில் பிறர் கையொப்பமிட்ட கருத்தைத் திருத்துவதும் இதே தப்புதான்.

விளம்பரம், காப்புரிமை மீறிய படம், இன்னொருவரைத் தாக்கும் வரி என்றால் கதை வேறு. அவற்றால் பாதிக்கப்படுவது மற்றவர்கள், நீக்கத்தான் வேண்டும். ஒற்றுப்பிழையால் யாருக்கு என்ன நஷ்டம்?

இறந்துபோன பயனர்களின் பக்கங்களை ஆங்கில விக்கிப்பீடியாவில் பூட்டிவைப்பது வழக்கம். பிழை இருந்தால் பிழையோடுதான். அதைப் படித்த பிறகுதான் அவருடைய பேச்சுப் பக்கத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். முதலிலேயே அங்கே போய்ச் சொல்லியிருக்கலாம்.