ஐஎஸ்ஓ 64

ஒரு கேமராவை மெகாபிக்சல் எண்ணைச் சொல்லி அறிமுகப்படுத்துகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அதில் எடுத்த படத்தில் நிழல் விழுந்த மூலையைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்வேன். நல்ல வெளிச்சத்தில் எந்தச் சென்சாரும் ஒழுங்காகத்தான் எடுக்கும். தூணுக்குப் பின்னால், புருவத்துக்குக் கீழே, கறுப்புப் பட்டின் மடிப்புக்குள் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம் தெரியும். 2002-இல் கேனான் 1டிஎஸ் 11 மெகாபிக்சலோடு வந்தது. 2019-இல் சோனி ஏ7ஆர் IV 61-ஐத் தொட்டது. இந்த ஏற்றத்தை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அதே காலத்தில் இருட்டு சுத்தமானதே, எனக்கு அதுதான் பெரிய சாதனை. அதன் உச்சம் எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: 2014-இல் நிகான் டி810-இல் வந்து, 2017-இல் டி850-இல் முழுமை பெற்ற ஐஎஸ்ஓ 64.

கதை டி800-இல் தொடங்குகிறது. 2012 பிப்ரவரியில் அது அறிவிக்கப்பட்டபோது, டி700-இன் 12.1 மெகாபிக்சலோடு பழகியிருந்தவர்கள் 36.3 என்ற எண்ணைப் பார்த்து மிரண்டார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வந்த டி3எக்ஸ் 24.5 மெகாபிக்சலுக்கே ஏறத்தாழ 8,000 டாலர் கேட்டது; டி800 மூவாயிரம் டாலருக்கு வந்தது. கல்யாண வீட்டுப் போட்டோகிராபர்களுக்கு மட்டும் மகிழ்ச்சி இல்லை. நொடிக்கு நான்கு படம்தானா, ஒரு ரா ஃபைல் 75 எம்பி வந்தால் ஹார்ட் டிஸ்க்குக்கு எங்கே போவது என்றார்கள். டி800இ-யைக் கண்டு இன்னும் பயம். லோ-பாஸ் ஃபில்டரின் வேலையை இரண்டாவது ஃபில்டரால் ரத்து செய்த கேமரா அது. பட்டுப் புடவையின் நெசவில் மாய்ரே என்ற அலைக்கோடுகள் வந்துவிடும் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் கல்லையும் மரத்தையும் முகத்தையும் எடுப்பவர்களுக்கு டி800இ காட்டிய கூர்மை அதுவரை ஃபுல் ஃப்ரேமில் பார்க்காத கூர்மை.

அப்போது எல்லோரும் கூர்மையைப் பற்றியே பேசினார்கள். நிழலைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. டி800-இன் சென்சாரைத் தயாரித்தது சோனி. 2007-இல் எக்ஸ்மோர் என்ற பெயரில் சோனி கொண்டுவந்த வழியில், பிக்சல்களின் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியே, அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றும் ஏடிசி சென்சாருக்குள்ளேயே இருக்கிறது. அனலாக் சிக்னல் சென்சாரை விட்டு வெளியேறி, போர்டில் இருக்கும் சிப்பைத் தேடிப் போகும் வழியில்தான் அழுக்குச் சேரும். அந்தப் பயணமே இல்லையென்றால் அழுக்கு எங்கிருந்து வரும்? அதற்கு முந்தைய தலைமுறையில் எடுத்த ஃபைலில் நிழலை மூன்று ஸ்டாப் தூக்கினால் ஊதாவும் பச்சையுமாய்க் கோடுகள் எழும். டி800-இல் நான்கு ஸ்டாப் தூக்கினாலும் கோடு இல்லை. மெல்லிய மணல் போல நாய்ஸ் மட்டும் இருக்கும், அதுவும் ஒரே சீராக.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் முன்மண்டபத்தை வெயில் நேரத்தில் எடுத்தவர்களுக்கு இதன் அருமை புரியும். வெளியே வெயிலில் கொதிக்கும் கல்தரை. உள்ளே நிழலுக்குள் தூண்கள், அவற்றின் கட்டங்களில் உள்ளங்கைக்குள் அடங்கும் சிற்பங்கள். டி800-க்குப் பின் வந்த டி810-இல் ஐஎஸ்ஓ 64, எஃப்/8, 1/250 நொடி வைத்தால் வெயில் பட்ட தரை சரியாக விழும். கேமராவின் திரையில் மண்டபத்தின் உட்புறம் வெறும் கறுப்பு. அந்த ஃபைலைக் கணினியில் திறந்து நிழலை மெல்லத் தூக்கினால் தூண்கள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. ஆடும் பெண்ணின் இடுப்பு வளைவில் உளி நின்று திரும்பிய இடம் தெரிகிறது. கிரானைட்டின் கரும்புள்ளிகளும், அவற்றுக்கிடையே ஊசிமுனை அளவில் மினுங்கும் துகள்களும் தெரிகின்றன. கைபட்டுக் கைபட்டு வழவழப்பான விளிம்புக்கும், யாரும் தொடாத உள்மூலையின் சொரசொரப்புக்கும் வேறுபாடு தெரிகிறது. ஒரே எக்ஸ்போஷரில் இத்தனையும்.

2008 முதல் 2012 வரை கோயில்களை எப்படி எடுத்தோம் என்பதை நினைத்துப் பாருங்கள். மூன்று, ஐந்து எக்ஸ்போஷர்களை ஒன்றாகப் பிசைந்த எச்டிஆர் படங்கள்தான் எங்கும். கோபுரத்தின் ஓரமெல்லாம் வெள்ளை வளையம், வானம் அழுக்கு நீலம், கல்லில் எண்ணெய் பூசிய பளபளப்பு. காலண்டரிலும் சுற்றுலாக் கையேட்டிலும் அதுவே ஓடியது. அந்த வழக்கத்துக்கு டி800 முற்றுப்புள்ளி வைத்தது என்பதற்காகவே அதற்கு ஒரு சிலை வைக்கலாம்.

இனி 64. டி800-இன் அடிப்படை ஐஎஸ்ஓ 100. அதில் 'லோ' என்று 50 வரை இறங்கலாம். ஆனால் அது ஒரு ஸ்டாப் அதிகமாக வெளிச்சம் விட்டுப் பிறகு இழுத்துக் குறைக்கும் வேலைதான். ஹைலைட்டில் அந்த ஒரு ஸ்டாப்பை இழந்தே தீர வேண்டும். டி810-இன் 64 அப்படிப்பட்டதல்ல. பிக்சல் நிரம்பி வழிவதற்கு முன் கூடுதல் மின்னூட்டத்தைத் தாங்குகிறது. ஆகவே ஹைலைட்டை இழக்காமலே கூடுதல் வெளிச்சம் விடலாம். 100-க்கும் 64-க்கும் இடையே இருப்பது மூன்றில் இரண்டு ஸ்டாப். கணக்குப்படி 1.56 மடங்கு ஒளி. ஒளியோடு கூடவே வரும் நாய்ஸ் ஒளியின் வர்க்கமூலமாகத்தான் வளரும் என்பதால், சிக்னல்-நாய்ஸ் விகிதம் 1.25 மடங்கு உயர்கிறது.

காகிதத்தில் இது சின்ன எண். படத்தில் அப்படி இல்லை. நீல வானம் அடிவானத்தை நோக்கி வெளுக்கும் இடத்தைப் பாருங்கள். 64-இல் அங்கே படிக்கட்டும் இல்லை, மணலும் இல்லை. பித்தளைக் குத்துவிளக்கின் தண்டில் வெளிச்சம் வழுக்கி இறங்குவதைப் பாருங்கள். மாநிறக் கன்னத்தில் வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும் அந்த அரை அங்குலத்தைப் பாருங்கள். மிட்டோன் என்று நாம் சாதாரணமாகத் தாண்டிப் போகும் பகுதியில்தான் 64 தன் வேலையைக் காட்டுகிறது. நிழலைத் தூக்காத படத்திலும் அது தெரியும். டைனமிக் ரேஞ்ச் வரைபடத்தை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

ஸ்லைடு ஃபிலிமில் வளர்ந்தவர்களுக்கு 64 என்ற எண்மீது பழைய பாசம் உண்டு. கோடாக்ரோம் 64 அவர்கள் நெஞ்சில் இருக்கும் எண். 2009-இல் அதன் தயாரிப்பை கோடாக் நிறுத்தியபோது வருந்தாதவர் இல்லை. எண் ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் கைப்பழக்கம் ஒன்றுதான். நான் தொழில் பழகிய ஸ்டுடியோவில் இருந்த பெரியவர், "ஹைலைட்டுக்கு மரியாதை கொடு தம்பி, நிழலை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார். ஸ்லைடில் வெளிச்சம் அதிகமாகிவிட்டால் மீட்க வழியில்லை என்பதால் வந்த ஒழுக்கம் அது. நிழலை அப்புறம் பார்ப்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை, போனது போனதுதான். டி810 அவர் சொன்ன வாக்கியத்தின் பின்பாதியையும் உண்மையாக்கியது.

டி850 வந்தபோது 45.7 மெகாபிக்சலும் பேக்சைட் அமைப்பும் பேசப்பட்டன. ஃபுல் ஃப்ரேமில் பேக்சைட் சென்சாரை முதலில் கொண்டுவந்தது 2015-இன் சோனி ஏ7ஆர் II, 42.4 மெகாபிக்சல். வயரிங்கைப் பின்பக்கம் தள்ளினால் சின்னப் பிக்சலுக்குப் பெரிய லாபம். ஃபுல் ஃப்ரேமின் பெரிய பிக்சலுக்கு அந்த லாபம் குறைவு. வேகமாகப் படிக்க முடிவதும், சாய்ந்து விழும் ஒளி ஓரங்களில் வீணாகாமல் இருப்பதும்தான் உண்மையான நன்மை. டி850-ஐ நான் கும்பிடுவது அதற்காக இல்லை. பிக்சலைச் சிறிதாக்கிய பிறகும் 64-ஐ விட்டுக்கொடுக்கவில்லை, அதற்காக. சென்சார்களைச் சோதித்துப் புள்ளி போடும் டிஎக்ஸ்ஓமார்க்கில் 100 புள்ளியை எட்டிய முதல் ஃபுல் ஃப்ரேம் கேமரா அது. புள்ளிகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. இந்தப் புள்ளியை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

கேனான் அன்பர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். 2015-இன் 5டிஎஸ் ஆர் 50.6 மெகாபிக்சலோடு வந்ததே என்பார்கள். வந்தது, வெயிலில் அதன் கூர்மைக்கு இன்றும் வணக்கம். ஆனால் ஏடிசி-யைச் சென்சாருக்குள் கொண்டுவந்த மாற்றம் கேனானின் ஃபுல் ஃப்ரேமுக்கு அடுத்த ஆண்டுதான் 1டிஎக்ஸ் மார்க் II-இலும் 5டி மார்க் IV-இலும் வந்தது. அதனால் 5டிஎஸ் ஆரின் நிழலைத் தூக்க எப்போதும் கொஞ்சம் தயக்கம் இருந்தது. கேனானின் தோல்நிறம் அழகு என்பதில் எனக்கு மறுப்பில்லை. அது ப்ரொஃபைலின் அழகு. ப்ரொஃபைலை நாளைக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஃபைலில் பதியாத நிழலை எதைக் கொண்டும் வரவழைக்க முடியாது.

61 மெகாபிக்சல்காரர்களிடம் ஒரு கணக்கு மட்டும் சொல்வேன். டி850-இன் படம் 8,256 பிக்சல் அகலம், ஏ7ஆர் IV-இன் படம் 9,504. வித்தியாசம் 15 சதவீதம். 300 டிபிஐ-யில் பிரிண்ட் போட்டால் ஒன்று இருபத்தேழரை அங்குலம், மற்றது முப்பத்திரண்டுக்குச் சற்றுக் குறைவு. எஃப்/11-க்குச் சுருக்கினால் டிஃப்ராக்‌ஷன் இரண்டையும் மழுக்கத் தொடங்கிவிடும். அந்த நாலு அங்குலத்துக்கு நான் 64-ஐக் கொடுக்க மாட்டேன்.

மீடியம் ஃபார்மட் நண்பர்களின் வாதம் இதைவிடக் கனமானது. ஃபூஜியின் 44-க்கு 33 மி.மீ. சென்சார், ஃபுல் ஃப்ரேமைப் போல 1.7 மடங்கு பரப்பு. ஆனால் முதல் ஜிஎஃப்எக்ஸ் 100-இன் அடிப்படை ஐஎஸ்ஓ 100. பரப்பில் அது பெறும் அதிகத்தை, 64-இல் நிற்கும் டி850 நேரத்தைக் கொண்டு ஏறக்குறைய ஈடுகட்டிவிடுகிறது. 2023-இல் ஜிஎஃப்எக்ஸ் 100 II-இன் அடிப்படையை ஃபூஜியே 80-க்கு இறக்கியது. அடிப்படை ஐஎஸ்ஓவை இறக்குவதில் என்ன சுகம் இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இதற்குப் பிறகு வந்த ஆண்டுகளை நினைத்தால்தான் மனம் கசக்கிறது. இப்போது எல்லாம் வேகம். ஸ்டாக்டு சென்சார், நொடிக்கு 20, 30, 120 படங்கள், பறவையின் கண்ணைத் துரத்தும் ஆட்டோஃபோகஸ். நிகான் இசட்9, இசட்8 இரண்டும் 64-ஐக் காப்பாற்றின, அதற்கு நன்றி. ஆனால் டைனமிக் ரேஞ்சில் டி850-ஐவிடச் சற்றுப் பின்னால்தான் நிற்கின்றன. 2023-இல் சோனி ஏ9 III குளோபல் ஷட்டரோடு வந்து எல்லோரையும் அசத்தியது; அதன் அடிப்படை ஐஎஸ்ஓ 250. 64-இலிருந்து பார்த்தால் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் தூரம். ஸ்டேடியத்தில் நிற்பவர்களுக்கு அது வரம். கல்லையும் முகத்தையும் நின்று நிதானித்துப் பார்ப்பவர்களுக்காக யார் சென்சார் செய்கிறார்கள்?

நம் பக்கமும் தவறு இருக்கிறது. நிழலைத் தூக்க முடிகிறது என்பதற்காக எல்லா நிழலையும் தூக்குகிறோம். மண்டபத்தின் உள்ளே வெளியே இரண்டிலும் ஒரே வெளிச்சம். மணப்பெண்ணின் கன்னத்தில் நிழலே கிடையாது. எச்டிஆர் போனது என்று மகிழ்ந்தோம். ஸ்லைடர் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. இதைவிடக் கொடுமை ஏஐ டீநாய்ஸ். நான் பிரிண்டுக்குக் கொடுத்த ஒரு சிற்பப் படத்தை ஒரு லேபில் கேட்காமலே அதில் போட்டு எடுத்துவிட்டார்கள். ஐஎஸ்ஓ 64-இல் எடுத்த படத்துக்கு டீநாய்ஸ்! கிரானைட்டின் புள்ளிகள் மெழுகாகிவிட்டன. உளித்தடம் இல்லாத இடத்தில் உளித்தடம் போல ஒரு கோடு முளைத்திருந்தது. 12-ஆம் நூற்றாண்டுச் சிற்பி போடாத கோட்டைப் போட எந்த மென்பொருளுக்கும் உரிமை இல்லை. கோயில் சிற்பங்களை ஆவணமாக எடுப்பவர்கள் இதை விளையாட்டாக எண்ணக் கூடாது. நாளை அந்தக் கல் சிதைந்துபோனால் மிஞ்சப்போவது இந்தப் படம்தான்.

நல்ல சென்சார் இருட்டை ஒழிப்பதற்கு இல்லை. இருட்டுக்குள்ளும் படிகள் உண்டு; முழுக் கறுப்புக்கும் அரைக் கறுப்புக்கும் நடுவே எத்தனையோ நிறங்கள் உண்டு. அவற்றைக் கலங்காமல் வாங்கி வைத்து, எவ்வளவு காட்டலாம் என்ற முடிவை நம் கையில் விடுவதுதான் அதன் பெருமை. தூண் நிழலில் இருந்தது என்றால் படத்திலும் நிழலில்தான் இருக்க வேண்டும். நிழலில் நின்றபடியே அதன் சிற்பம் தெரிய வேண்டும். இதற்கு இரண்டு ஸ்டாப் தூக்கினால் போதும். ஐந்து ஸ்டாப் தூக்க முடியும் என்ற தைரியம் இருப்பதால்தான் அந்த இரண்டு ஸ்டாப் இவ்வளவு அழகாக வருகிறது.

சென்சார் செய்கிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. வேகம் வேண்டாம், வீடியோ வேண்டாம். 45 மெகாபிக்சலே போதும். உண்மையான ஐஎஸ்ஓ 32-இல் ஒரு ஃபுல் ஃப்ரேம் சென்சார் செய்யுங்கள்; நொடிக்கு மூன்று படம் எடுத்தால் போதும், ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு வர நாங்கள் தயார். அது வரும்வரை, புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: செகண்ட் ஹேண்டில் நல்ல டி810 ஒன்றை வாங்கு, 64-இல் வை, ஹைலைட்டுக்கு மரியாதை கொடு, மிச்சப் பணத்தில் லென்ஸ் வாங்கு.