முன்றிலும் காடும்: சங்கப் பாடல்களில் புள் வேட்டையும் விருந்தும்

முன்னுரை

சங்ககால வேட்டை குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் பட்டியல் நோக்கில் அமைகின்றன. வில், வலை, நாய், உடும்பு, முயல், மான், காடை ஆகிய அனைத்தும் ‘வேட்டை’ என்னும் ஒரே தலைப்பின்கீழ்த் தொகுக்கப்படுகின்றன. இவ்வாறு தொகுக்கும்போது, எவ்வுயிரை எவர், எக்கருவி கொண்டு, எவ்விடத்தில் பிடித்தனர் என்னும் வேறுபாடு மறைந்துவிடுகின்றது. நாயுடன் செல்லும் வேட்டையும் விருந்துக்காகப் புள் பிடித்தலும் சங்கப் பாடல்களில் இருவேறு களங்களைச் சார்ந்தவை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

நாயும் வலையும்

பத்துப்பாட்டுள் நாய் வேட்டையை விரிவாகக் காட்டுவது கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை. அங்கு எயினர் புதர்களை நாய்களால் கலைத்து, வலையின் பக்கம் முயல்களை ஓட்டுகின்றனர். நாய் கொணர்ந்த உடும்பு அவர்தம் சோற்றுக்குக் கறியாகின்றது. புறநானூற்று 33ஆம் பாடலில் சினமிகு நாயையுடைய வேட்டுவன் மான்தசை கொணர்கின்றான். குறிஞ்சிப்பாட்டில் தலைவனின் நாய்கள் தினைப்புனத்து மகளிரை அஞ்சச் செய்கின்றன. இவற்றில் நாயின் இடம் காடும் புனமும். நாயை நடத்துவோர் ஆடவர். அகப்படுவன நிலத்தில் ஓடும் அல்லது ஊரும் உயிர்கள். இவ்விடங்களில் நாய் புள்ளைப் பிடிப்பதாகக் குறிப்பு இல்லை.

அதே பெரும்பாணாற்றுப்படையில் குறும்பூழும் இடம்பெறுகின்றது. ஆனால் அங்கு அது வன்புலத்தில் தங்கும் புள்ளாக, நிலத்தின் அடையாளமாக மட்டுமே வருகின்றது. உடும்பையும் முயலையும் உணவோடு இணைத்துப் பேசும் புலவர் குறும்பூழை அவ்வாறு பேசாமை கருதத்தக்கது.

முன்றிலில் இதல்

புள் விருந்தாகும் இடம் வேறு. ஆலங்குடி வங்கனார் பாடிய புறநானூற்று 319ஆம் பாடல் இதற்குச் சிறந்த சான்று. மனைத்தலைவன் வேந்தன் ஏவிய தொழில்மேல் சென்றுள்ளான். பாணன் வருகின்றான். புறாவும் இதலும் உண்ணுமாறு முன்றிலில் தினையைத் தூவி அவற்றைப் பிடிக்கலாம். ஆனால் பொழுது சாய்ந்துவிட்டது. எனவே சுட்ட முயற்கறியையாயினும் தருவோம், தங்கிச் செல்க என்கின்றனர் மனையோர்.

இங்கு ‘ஆயினும்’ என்னும் சொல் நுண்ணிதின் நோக்கத்தக்கது. விருந்தினர்க்கு முதலில் எண்ணப்பட்டது புள். முயல் அதற்கு அடுத்தது. காட்டிலிருந்து கிடைப்பதாகிய முயல் முன்பே வீட்டில் உள்ளது. முன்றிலுக்கு வரும் புள்ளோ பகலில் மட்டுமே கிட்டும். இல்லத்தலைவன் இல்லாத நாளிலும் விருந்தோம்பல் தடைப்படாது என்பதே பாடலின் உட்கிடை. வீரை வெளியனாரின் 320ஆம் பாடலிலும் இதே முன்றில் காட்சி உண்டு. வேட்டுவன் உறங்குகின்றான், பார்வை மடப்பிணையொடு கலைமான் கூடியிருக்கின்றது, உலரும் தினையைக் கானக்கோழியும் இதலும் உண்கின்றன, மனைவி அவற்றை ஓட்டாமல் அசைவற்று நிற்கின்றாள். புள் வந்துகூடும் இடம் பெண் காக்கும் முற்றமே.

புறநானூற்றின் பழைய உரை 266ஆம் பாடலுக்குப் பின் கிடைக்கவில்லை. ஆதலின் இவ்விரு பாடல்களுக்கும் பிற்கால உரைகளையே நாடவேண்டியுள்ளது. உரையின் துணை குறையுமிடத்துப் பட்டியல் நோக்கு எளிதில் புகுந்துவிடுகின்றது.

குறுந்தொகை 389ஆம் பாடல் மூன்றாவது சான்று. வேட்டகண்ணனார் பாடிய இதில், தலைவனின் வரைவுச் செய்தியை உணர்த்திய குற்றேவல் மகன் நெய் மிக்க குறும்பூழ்க் கறியொடு உணவு பெறுக எனத் தோழி வாழ்த்துகின்றாள். குறும்பூழ் இங்கு வேட்டைப் பெருமிதத்தின் அடையாளம் அன்று. நற்செய்தி கொணர்ந்தோனுக்கு வாய்க்கும் சிறந்த உணவு. முயல் சுடப்படுகின்றது, குறும்பூழ் நெய்யொடு சமைக்கப்படுகின்றது. சமையல் முறையிலும் மனையின் அண்மை புலனாகின்றது.

தண்டுப்பகுதியின் சமையலறை

நாயையும் புள்ளையும் நாம் இயல்பாகவே இணைத்துப் பார்ப்பதற்கு அண்மைக்கால வரலாறும் ஒரு காரணம் எனலாம். துப்பாக்கியால் வீழ்த்திய பறவையைத் தேடி எடுத்துவரும் நாய், ஆங்கிலேயர் வேட்டைமுறையின் கூறு. பெங்களூரில் 1809இல் தண்டுப்பகுதி அமைந்தபின், சென்னைப் படையோடும் பணிகளோடும் வந்த தமிழர் இன்றைய சிவாஜிநகரைச் சூழ வாழலாயினர். இத்தகைய வெள்ளையர் இல்லங்களின் சமையலறையை 1878இல் சென்னையில் வெளிவந்த கென்னி-ஹெர்பர்ட்டின் சமையல் நூல் காட்டுகின்றது. அதில் தமிழ்ச் சமையற்காரர் ‘ராமசாமி’ என்னும் பொதுப்பெயராலேயே சுட்டப்படுகின்றார். சுட்டவனும் நாயும் வேட்டைக் கதையில் இடம்பெற, சமைத்தவர் பெயரற்றவராகின்றார்.

சங்கப் பாடல் இதற்கு நேர்மாறானது. அங்கும் மனையோள் பெயர் சுட்டப்படவில்லை. எனினும் பாடலின் நடுவிடம் அவளுடையது. கருநாடகத்தில் 12ஆம் நூற்றாண்டில் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூல் வேட்டையையும் காடைப் போரையும் அரசனின் பொழுதுபோக்காக வகுத்துரைக்கின்றது. கலித்தொகை 95ஆம் பாடலிலோ குறும்பூழ்ப் போர் தலைவன் கூறும் சாக்காகி, தலைவியால் பரத்தமை எனப் பொருள் மாற்றப்படுகின்றது. ஆடவரின் புள் விளையாட்டைப் பெண் குரல் திருத்திப் படிக்கின்றது.

முடிவுரை

ஐரோப்பாவில் கவுதாரியைப் பிடிக்க நாயையும் வலையையும் சேர்த்துப் பயன்படுத்திய வழக்கம் உண்டு. எனவே நாயால் புள் பிடித்தல் இயலாதது என்பது இங்கு வாதமன்று. மேற்காட்டிய பாடல்கள் அவ்வாறு பாடவில்லை என்பதே முடிவு.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் காட்டுக்காடையும் கவுதாரியும் சந்தைக்கு உரியவை அல்ல. 1927இல் எழுந்த ரசல் சந்தையை உடைய சிவாஜிநகரிலும் பிற ஊர்களிலும் இன்று ‘காடை’ என்னும் சொல் பண்ணையில் வளர்ந்த ஜப்பானியக் காடையையே குறிக்கின்றது. குறும்பூழ், இதல் என்னும் சொற்கள் பேச்சு வழக்கிலிருந்து நீங்கிவிட்டன. பொருள் கண்முன் இல்லாதபோது பாடலை அகராதி கொண்டே படிக்கின்றோம். அகராதி பறவையின் பெயரைத் தரும். அது எவர் முற்றத்துக்கு வந்தது என்பதைத் தராது. அதனைப் பாடலிலிருந்தே பெறுதல் வேண்டும். வேட்டை இலக்கியத்தில் ஆடவரும் நாயும் பெற்ற இடத்தை, தினை தூவிக் காத்திருந்த பெண்ணுக்கும் வழங்குதல் ஆய்வாளர் கடன்.