உப்பளக் கரையில் பிறழ்நிலை உளவியல்

பல்கலைக்கழக உளவியல் துறைகளில் பிறழ்நிலை உளவியல் என்ற பெயரில் நடத்தப்படும் பாடம், மனம் நோயுறும் வகைகளை இனம்பிரித்து, ஒவ்வொன்றின் அறிகுறி, காரணம், போக்கு, சிகிச்சை ஆகியவற்றை முறையாகக் கற்பிக்கிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிடும் டி.எஸ்.எம். கையேடும், உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. பட்டியலும் அதற்கு அடித்தளம். இந்தப் பாடத்தின் நிறை குறைகளை எடைபோட விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் பொருத்தமான களமாகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகத்திற்கு வடக்கே, கழுவெளி நீர்நிலையை ஒட்டி விரியும் இந்த உப்பளப் பகுதி, பாடநூல் பேசும் மனச்சோர்வு, பதற்றம், மதுப்பழக்கம் ஆகிய அனைத்தையும் அறிந்தது. பாடநூலோ இப்படியொரு கரையை அறிந்ததில்லை.

பாடத்தின் வலிமையை முதலில் சொல்வதே நேர்மை. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். மனநோயைப் பேய்பிடித்ததென்றோ பாவத்தின் பலனென்றோ கருதும் சமூகம் சங்கிலியைத் தேடுகிறது. காதில் குரல் கேட்பதும், ஆதாரமில்லாத நம்பிக்கையில் அசையாமல் நிற்பதும் மனச்சிதைவு என்னும் நோயின் அறிகுறிகள், அதற்கு மருந்தும் மறுவாழ்வும் உண்டு என்று கற்ற ஒருவர் அந்தச் சங்கிலியைக் கேள்வி கேட்கிறார். 1984இல் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் பல்லாண்டுகளாக மனச்சிதைவு நோயாளிகளிடையே செய்துவரும் சிகிச்சையும் ஆய்வும், எல்லோரும் ஒரே அளவுகோலால் நோயை வரையறுத்ததால்தான் சாத்தியமாயின. தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் நூற்றுக்கு 10.6 பேர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டோடு இருப்பதாகக் கண்டதும் அத்தகைய அளவுகோலின் துணையால்தான்.

எனினும் அளவுகோல் மனிதர் வகுத்தது, மாறக்கூடியது என்பதை வகுப்பறை போதிய அழுத்தத்துடன் சொல்வதில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்தைய நாட்களில் நடைமுறையில் இருந்த டி.எஸ்.எம். நான்காம் பதிப்பு, நெருங்கியவரை இழந்து இரண்டு மாதத்திற்குள் தோன்றும் துயரத்தைப் பொதுவாக மனச்சோர்வு நோயாகக் கொள்ளலாகாது என விலக்களித்திருந்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்த விலக்கை நீக்கியது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம், ஓராண்டைக் கடந்தும் தணியாத துயரத்தைத் தனியொரு நோயாகச் சேர்த்தது. கணவனைக் கடலுக்குக் கொடுத்த ஒரே பெண், பதிப்பு மாறுவதற்கேற்ப நோயாளியாகவும் நோயற்றவராகவும் மாறுகிறார். உடலே கிடைக்காமல் கருமாதி தள்ளிப்போன குடும்பத்தில் துயரத்தின் காலத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற கேள்வியைக் கையேட்டின் நாட்கணக்கு எழுப்புவதே இல்லை. இதை நோய் வரையறைகளைத் தள்ளிவிடுவதற்கான வாதமாகக் கொள்ளக்கூடாது. அவற்றின் வரலாற்றைப் பாடத்தின் முதல் வாரத்திலேயே கற்பிக்க வேண்டிய காரணமாகக் கொள்வதே முறை.

பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. மனச்சோர்வு நோய்க்கு ஒன்பது அறிகுறிகளைப் பட்டியலிடும் கையேடு, அவற்றில் ஐந்தேனும் இரண்டு வாரம் நீடிக்க வேண்டும் என்றும், அந்த ஐந்தில் ஒன்று வாடிய மனநிலையாகவோ எதிலும் நாட்டமின்மையாகவோ இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. ஓயாத களைப்பு, தூக்கம் கெடுதல், பசியும் எடையும் மாறுதல், உடலியக்கம் மந்தமாதல் ஆகியவையும் அந்த ஒன்பதில் அடங்கும். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க விடியுமுன்பே எழுந்து, வெறுங்காலுடன் பாத்தியில் இறங்கி, படிந்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் குவித்து, தலைச்சுமையாக மேட்டுக்குக் கொண்டுசேர்க்கும் பெண்ணிடம் இந்த நான்கும் கோடை மாதங்களில் உழைப்பினாலேயே தோன்றக்கூடும். 1960இல் வெளிவந்த ஹாமில்டன் அளவுகோல் போன்ற மதிப்பீட்டுப் படிவங்கள் அதிகாலை விழிப்பைத் தனியே கேட்டு மதிப்பெண் இடுகின்றன; அளத்துக்குப் போகிறவருக்கு அந்நேரத்தில் எழுவது பிழைப்பு. வேறு உடல்நோயால் வந்த அறிகுறியைக் கணக்கில் கொள்ளாதே என எச்சரிக்கும் கையேடு, உழைப்பால் வந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கு நேர்மாறான பிழை இன்னும் கொடியது. உப்பளத்தில் எல்லோருக்கும் களைப்புதானே என்று சொல்லி, உண்மையாகவே மனச்சோர்வில் மூழ்கியவரைக் கைவிட்டுவிடுவது எளிது. அவரும் மனத்தைப் பற்றிப் பேசாமல், நெஞ்சு படபடப்பு, கைகால் குடைச்சல், தலைப்பாரம் என்று உடம்பைப் பற்றியே பேசுவார். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழியை இந்தக் கரையே தருகிறது. வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் நீரில் மூழ்கி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை நின்றுபோகிறது. உடல் ஓய்ந்திருக்கும் அம்மாதங்களிலும் ஒருவருக்குச் சோர்வு விலகாமல், பேரப்பிள்ளையைக் கண்டும் முகம் மலராமல், ‘நான் இருந்து என்ன பயன்’ என்ற எண்ணம் வளர்ந்தால், அது உழைப்பின் களைப்பன்று. அதே மாதங்களில் கூலியின்மையும் கடனும் நெருக்குவதால் கவலைக்கு வேறு காரணமும் சேர்கிறது. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர்க்குத் தமிழ்நாடு அரசு ரூ.5,000 வழங்குவதைப் பொருளாதார உதவியாக மட்டுமன்றி மனநலத் தடுப்பு நடவடிக்கையாகவும் கருத இடமிருக்கிறது. பருவத்தைக் கேட்காத நேர்காணல் இங்கு அரைகுறை நேர்காணலே.

மருந்து பற்றிய பாடத்திலும் இதே இடைவெளி தெரிகிறது. எழுச்சியும் தாழ்ச்சியும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் முதன்மையான மருந்து என மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். லித்தியம் ஓர் உப்பு. சிறுநீரகம் அதைச் சோடியத்தைப் போலவே கையாள்கிறது. வியர்வையில் நீரும் சோடியமும் இழந்த உடலில், சிறுநீரகம் சோடியத்தை இறுகப் பிடிக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துத் தேக்கிவைப்பதால், இரத்தத்தில் அதன் அளவு நஞ்சாகும் எல்லைக்கு ஏறுகிறது: கை நடுங்குகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது. கோடையில் பாத்தியில் நின்று உழைப்பவரிடம் இதைக் காண்பவர் குடித்திருக்கிறார் என்றே நினைக்கக்கூடும். மனச்சிதைவுக்குத் தரப்படும் குளோர்புரோமசின் தோலை வெயிலுக்குக் கூசச் செய்வது; வெண்ணிற உப்பு ஒளியைத் திருப்பி வீசும் இடத்தில் அது சிறு பக்கவிளைவாக நிற்பதில்லை. மருந்தெழுதுவது மருத்துவரின் பணி என்றாலும், வாரந்தோறும் நோயாளியோடு பேசப்போகும் உளவியலாளர், அவர் எங்கே, எந்நேரம், எவ்வளவு தண்ணீர் குடித்து வேலை செய்கிறார் என்று கேட்கப் பழகியிருந்தால் ஓர் உயிர் தப்பும்.

மதுவைப் பற்றிய அத்தியாயம் தனிமனிதரின் கட்டுப்பாட்டிழப்பை நுணுக்கமாக அளக்கிறது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்ததை அந்த அளவை விளக்காது; மலிவான நஞ்சு எவருடைய கைக்கு எட்டுகிறது என்பதும் நோய்க்காரணத்தில் ஒரு பகுதி என்று பாடம் விரிய வேண்டும்.

சமய அனுபவம் குறித்துக் கையேடே காட்டும் நிதானத்தை இங்குப் பாராட்டலாம். விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவில் அருள்வந்து ஆடுவது, அச்சமூகம் ஏற்ற வழிபாடாக இருக்கும்வரை நோயன்று என்பதே ஐந்தாம் பதிப்பின் நிலைப்பாடு. சாமியாடுபவரையெல்லாம் நோயாளியாக எழுதும் ஆர்வம் நூலைச் சரியாகப் படிக்காததன் விளைவு.

பயிற்சியின்றிப் பட்டம் மட்டும் பெற்றோர் பெருகும் ஆபத்தைக் கருதி, உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாதென 2025இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. துன்புறுவோரை நேரில் காணாமல் இப்பாடத்தைக் கற்க முடியாது என்பதால் அம்முடிவு அடிப்படையில் சரியானதே. ஆயினும் பகலில் அளத்திலோ கடையிலோ உழைத்துக்கொண்டு இரவில் படிக்க எண்ணிய முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அது ஒரு கதவை மூடியிருக்கிறது. அரசுக் கல்லூரிகளில் கூடுதல் இடங்கள், உதவித்தொகை, மாவட்ட மனநலத் திட்டத்தின் ஊர்முகாம்களில் மேற்பார்வையுடன் கூடிய களப்பயிற்சி ஆகியவை அதற்கு ஈடாக வர வேண்டும். அந்தக் களப்பயிற்சியின் ஒரு பகுதி கோடையிலும் மறுபகுதி மழைக்காலத்திலும் அமைந்தால், ஒரே மனிதரை உழைப்பிலும் ஓய்விலும் பார்த்து நோயை எடைபோடும் வாய்ப்பு மாணவருக்குக் கிடைக்கும்.