அக்னிச் சிறகுகளில் ஒரு வால்வு

ராமநாதபுரம் மாவட்டத்தில் பள்ளிக்கூடம் படித்த என் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் 'அக்னிச் சிறகுகள்' இருக்கும். கட்டுரைப் போட்டியோ பேச்சுப் போட்டியோ, பரிசு அதுதான். என்னிடம் இரண்டு பிரதிகள் இருந்தன. அருண் திவாரியுடன் சேர்ந்து கலாம் எழுதி, 1999இல் ஆங்கிலத்தில் வந்த அந்தத் தன்வரலாற்றின் தெம்பில்தான் நான் பொறியியல் படிக்கப் போனேன். இப்போது அதைத் திரும்ப எடுத்துப் படித்ததற்குக் காரணம் இலக்கியம் இல்லை, ஒரு பொம்மைக் கார்.

ஸ்லாட் கார் என்று ஒரு வகை உண்டு. தடத்தில் ஒரு பள்ளம் ஓடும். காரின் அடியில் இருக்கும் சின்ன ஊசி அந்தப் பள்ளத்தில் நிற்கும். பள்ளத்தின் இரு பக்கமும் உள்ள உலோகப் பட்டைகளிலிருந்து காருக்கு மின்சாரம் வரும். கையில் இருக்கும் விசையை அழுத்த அழுத்த வேகம் கூடும். இங்கிலாந்தில் 1957இல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் வந்தபிறகு இது பெரிய பொழுதுபோக்காக ஆனது. அதிலேயே ஊறியவர்கள் மோட்டாரைப் பிரித்து ஆர்மேச்சரைத் தாங்களே சுற்றிக்கொள்வார்கள். அக்கா மகனுக்காக நான் வாங்கிய பழைய செட்டில் ஒரு காரின் மோட்டார் புகைந்துபோனது. மாற்று மோட்டார் கிடைக்கவில்லை.

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு சந்தில் காயில் கட்டும் கடை இருக்கிறது. மிக்ஸி, சீலிங் ஃபேன், தண்ணி மோட்டார் எல்லாம் வரும். மண்டபம், பாம்பன் பக்கமிருந்து வருபவை உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்துத்தான் வரும். கடைக்கார அண்ணன் என் மோட்டாரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது எனக்குக் கட்டுபடியாகாது தம்பி. நீயே கட்டு, நான் சொல்லித் தர்றேன்" என்றார்.

முதல் பாடம் சுற்றுவது இல்லை, பிரிப்பது. கருகிய கம்பியைப் பிரிக்கும்போதே எண்ண வேண்டும். ஒரு பல்லுக்கு 60 சுற்று வந்தது. அந்த ஆர்மேச்சருக்கு 3 பல். மூன்றிலும் ஒரே திசையில், ஒரே கேஜ் கம்பியில் அதே 60 சுற்று வர வேண்டும். சுற்றைக் குறைத்து மொத்தக் கம்பி போட்டால் வேகம் கூடும், ஆனால் மின்சாரத்தையும் அதிகம் இழுக்கும், சூடும் ஏறும். கம்பியை லூசாக விட்டால் சுழலும்போது வெளியே பிதுங்கும். இறுக்கி இழுத்தால் பல்லின் விளிம்பில் எனாமல் உரிந்து ஷார்ட் ஆகும். முனைகளில் எனாமலைச் சுரண்டி, கம்யூட்டேட்டரின் 3 துண்டுகளிலும் பற்றவைக்க வேண்டும்.

எல்லாம் செய்தேன். மோட்டார் சுழன்றது, ஆனால் மேஜையே அதிர்ந்தது. மல்டிமீட்டரில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டின. இவ்வளவு குறைந்த ஓம்ஸில் சாதாரண மீட்டர் சின்ன வித்தியாசத்தைப் பிடிக்காது. அண்ணன் இரண்டு பிளேடுகளை இணையாக நிறுத்தி, அவற்றின் விளிம்பில் ஆர்மேச்சரின் தண்டை வைத்தார். அது மெதுவாக உருண்டு நின்றது. எப்படி வைத்தாலும் ஒரே பல்தான் மேலே வந்தது.

எனக்குத் தெரியும். அந்தப் பல்லைச் சுற்றும்போது போன் வந்தது. எண்ணிக்கை விட்டுப்போய், சுமாராக ஒரு எண்ணிலிருந்து தொடர்ந்திருந்தேன். "என் தப்புதான்ணே" என்றேன்.

"தப்பு உன்னோடதுதான். எத்தனை சுத்து குறையுதுன்னு பிரிச்சுப் பாரு."

பிரித்தேன். 54.

அன்று இரவுதான் புத்தகத்தை எடுத்தேன். ஆரம்பத்தில் ஒரு காட்சி வரும். ராமேஸ்வரம் கடற்கரையில் கலாமின் அப்பா ஜைனுலாப்தீன், உறவினர் ஜலாலுதீனோடு சேர்ந்து மரப்படகு கட்டுகிறார். சிறுவன் பக்கத்தில் நின்று பார்க்கிறான். விறகுத் தீயின் சூட்டில் மரம் பதப்படுவதுவரை அவன் கண்ணில் படுகிறது. பிறகு புயல் படகைக் கொண்டுபோய்விடுகிறது. புத்தகத்தின் மிகச் சிறந்த பக்கங்களில் ஒன்று இது. வேலை செய்யும் கையைப் பார்க்கத் தெரிந்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும்.

இன்னொரு காட்சி 1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய முதல் எஸ்எல்வி-3 ராக்கெட் 317 விநாடியில் கடலில் விழுந்தது. காரணம், இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு சொலினாய்டு வால்வு. சொலினாய்டு என்பது கம்பிச் சுருள்தான். மின்சாரம் பாய்ந்தால் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுக்கும். புறப்பட 8 நிமிடம் இருக்கும்போது கொடுத்த முதல் கட்டளைக்குத் திறந்த வால்வு, மாசு சிக்கியதால் மூடவில்லை. நைட்ரிக் அமிலம் ஒழுகிப்போனது. சுருளில் தப்பில்லை, நடுவில் புகுந்த அழுக்கில்தான் தப்பு.

புத்தகம் இதைச் சில வரிகளில் சொல்லிவிடுகிறது. கலாமின் மனநிலை, அவர் எழுந்து பொறுப்பேற்றுக்கொண்டது, பிரம்ம பிரகாஷின் ஆறுதல் என்று அது நகர்கிறது. அழுக்கு எப்படி உள்ளே போனது? அடுத்த ராக்கெட்டுக்கு வால்வை யார், எப்படிச் சோதித்தார்கள்? 1980 ஜூலை 18இல் அடுத்த எஸ்எல்வி-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. இரண்டு தேதிகளுக்கும் நடுவே பல கைகள் பல நாள் செய்த வேலை இருந்திருக்கும். படகைப் பார்த்த கண்ணால் அந்த வேலையையும் பார்த்து எழுதியிருக்கலாம்.

இது தன்வரலாறுதானே, விபத்து அறிக்கையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வால்வை மறைக்காமல் பெயர் சொல்லி எழுதியதே பெரிய நேர்மை. தலைவர்கள் பலர் அதைக்கூடச் செய்வதில்லை. ஆனால் ஒரு புத்தகம் எதைச் சுருக்குகிறது, எதை விரிக்கிறது என்பதிலிருந்துதான் வாசகன் கற்றுக்கொள்கிறான். தோல்வி என்பது மனத்திடத்துக்கு வைக்கப்படும் பரீட்சை என்று நாங்கள் கற்றுக்கொண்டோம். அதற்கு ஒரு இடம் உண்டு, அதைத் தொட்டுக் காட்ட முடியும் என்பதைக் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் பேச்சுப் போட்டிகளில் கனவு வந்தது, விடாமுயற்சி வந்தது. அந்த வால்வு ஒருமுறைகூட வந்ததில்லை.

நான் மென்பொருள் எழுதுகிறவன். ஏதாவது விழுந்தால் கூட்டம் போடுவோம். யாராவது ஒருவர் பெருந்தன்மையாக "என் பொறுப்பு" என்பார், எல்லோரும் மதிப்போடு தலையாட்டுவோம். பல நேரம் விசாரணை அதோடு நின்றுவிடும். நானும் அப்படிச் சொல்லி நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். கடையில் "என் தப்புதான்ணே" என்று சொன்னதும் அந்தப் பழக்கத்தில்தான். பொறுப்பேற்பது பெரிய குணம். அதைச் சொன்ன கையோடு பிரித்துப் பார்க்காவிட்டால், 54 கடைசிவரை 54தான்.

மூன்றாவது தடவை சுற்றியபோது போனை அணைத்துவைத்தேன். பத்துப் பத்துச் சுற்றுக்கு ஒரு கோடு, பேப்பரில். ஆர்மேச்சர் பிளேடு மேல் வைத்த இடத்திலேயே நின்றது. அண்ணன் வார்னிஷ் போடும் முன் ஃபேனை நிறுத்தச் சொன்னார். "மண்ணு பறக்கும்பா" என்றார்.

அக்கா மகனுக்குக் காரோடு ஒரு 'அக்னிச் சிறகுக'ளும் கொடுத்தேன். என்னிடம்தான் இரண்டு இருக்கின்றனவே. படகு வரும் பக்கத்திலும் வால்வு வரும் பக்கத்திலும் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்.