காவலுக்கு வந்த படை

1809 பிப்ரவரி 10. ஆரல்வாய்மொழிக் கணவாயை அடைத்து நின்ற திருவிதாங்கூர்க் கோட்டைச்சுவர் அன்று விழுந்தது. கர்னல் செயின்ட் லெஜர் நடத்தி வந்த படையில் மேஜர் வெல்ஷின் பிரிவு முந்தைய இரவே தென்புற மலையில் ஏறிக் காவலரணைப் பிடித்திருந்தது. விடிந்ததும் தோவாளைக்கும் கோட்டாற்றுக்கும் வழி திறந்துவிட்டது. அடுத்த சில நாட்களில் உதயகிரியும் பத்மநாபபுரமும் பணிந்தன. இந்தக் கணவாய் வழியாக நாஞ்சில் நாட்டுக்குள் படை வருவது புதிதில்லை. மதுரை நாயக்கர் படைகள் பலமுறை வந்து விளைச்சலை அள்ளிக்கொண்டு போன வழிதான் அது. ஆனால் இந்த முறை வந்தது ஆங்கிலக் கம்பெனியின் படை. கம்பெனி திருவிதாங்கூரின் நட்பரசு. அந்த நாட்டைக் காப்பதற்கென்று அதனிடமே ஆண்டுதோறும் பணம் வாங்கிக்கொண்டிருந்த அரசு.

வலிய நாடு தன் சிறிய கூட்டாளியின் நிலத்தைக் கேட்கும் விவகாரம் இப்போது கிரீன்லாந்தை வைத்து உலகமெங்கும் பேசப்படுகிறது. அமெரிக்காவும் டென்மார்க்கும் 1949 முதல் ஒரே ராணுவக் கூட்டணியில் இருக்கின்றன. அமெரிக்காவோடு ஆப்கானிஸ்தானுக்குப் போய் 40-க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்த நாடு டென்மார்க். அப்படியிருந்தும் 2019-இல் கிரீன்லாந்தை விலைக்குக் கேட்ட டொனால்டு டிரம்ப், 2025-இல் படைபலத்தைப் பயன்படுத்தமாட்டேன் என்று சொல்லக்கூட மறுத்தார். தீவின் வடமேற்கில் அமெரிக்கத் தளம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 1951 ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுத்தது. தளம் இருக்க, நிலமும் எதற்கு என்று பலர் வியக்கிறார்கள். குமரி மாவட்டத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு குறைவு. தளத்திலிருந்து நிலத்துக்கு எப்படி அடியெடுத்து வைக்கிறார்கள் என்பதை இந்த மண் ஒருமுறை முழுதாகப் பார்த்திருக்கிறது.

துணைப்படை ஒப்பந்தம் என்று வரலாற்று நூல்கள் சொல்லும் ஏற்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சூழ்ச்சி என்று ஒதுக்குவது நியாயமாகாது. அதை ஏற்ற அரசனின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். தர்மராஜா என்று பெயர் பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மா 1758 முதல் 1798 வரை ஆண்டவர். மைசூர் மலபாரை விழுங்கிவிட்டது, கொச்சி அதற்குக் கப்பம் கட்டியது, அடுத்தது திருவிதாங்கூர்தான். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களை வென்ற மார்த்தாண்ட வர்மாவின் படை அப்போதும் வலுவுடன்தான் இருந்தது. அந்தப் போரில் பிடிபட்ட டிலனாய் என்ற டச்சுத் தரப்பு அதிகாரியே அதன் தளபதியாகி, அதைப் பழக்கி, உதயகிரியிலும் வட்டக்கோட்டையிலும் கல்லை அடுக்கிவிட்டு, 1777-இல் உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். ஆனாலும் மைசூரின் முழுப் பலத்தையும் தனியே தாங்க முடியாது என்று அரசர் கணக்குப் போட்டது சரியான கணக்கு. 1788-இல் கம்பெனியின் இரண்டு பட்டாளங்களைத் தன் வடக்கு எல்லைக்கு வரவழைத்தார்.

அந்தப் பட்டாளங்கள் முதல் தேர்விலேயே என்ன செய்தன என்பது இந்த ஏற்பாட்டை எடைபோடும் எவரும் மறக்கக்கூடாத செய்தி. 1789 டிசம்பர் 29 அன்று மைசூரின் திப்பு சுல்தான், திருவிதாங்கூரின் வடக்கு எல்லை அரணான நெடுங்கோட்டையைத் தாக்கினார். சென்னையிலிருந்து உத்தரவு இல்லை என்று கம்பெனிப் படை பக்கத்தில் இருந்தும் சண்டைக்கு வரவில்லை. அன்று திப்புவைத் திருப்பியடித்தவர்கள் திருவிதாங்கூர் வீரர்கள் மட்டுமே. அடுத்த ஆண்டு கம்பெனி தன் சொந்தக் காரணங்களுக்காக மைசூரோடு போருக்கு இறங்கியது, திருவிதாங்கூர் பிழைத்தது. போர் முடிந்ததும் அதன் செலவில் பங்கு கேட்டது கம்பெனி. காப்பதாக வாக்களிப்பவர், ஆபத்து வந்த நாளில் அது ஆபத்துதானா என்று முடிவுசெய்யும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார் என்றால் அந்த வாக்கின் மதிப்பு பாதிதான்.

1795-இல் எழுதி 1797-இல் உறுதிசெய்த ஒப்பந்தம் இந்த உறவை நிரந்தரமாக்கியது. மூன்று சிப்பாய்ப் பட்டாளங்கள், ஐரோப்பிய பீரங்கிப் பிரிவு ஒன்று, லஸ்கர் பிரிவுகள் இரண்டு ஆகியவற்றுக்கான செலவைத் திருவிதாங்கூர் தரவேண்டும். அதற்கு மாறாக, உள்நாட்டு ஆட்சியில் தலையிடமாட்டோம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. பத்து ஆண்டுகூட அந்த உறுதிமொழி தாங்கவில்லை. 1804-இல் படிப்பணத்தைக் குறைத்ததால் நாயர் படை கிளர்ந்தது. அதை அடக்க உதவிய கையோடு, கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் மெக்காலே அடுத்த ஒப்பந்தத்தை நீட்டினார். 1805 ஜனவரியில் அது கையெழுத்தானது.

அந்த 1805 ஒப்பந்தம்தான் இந்தக் கட்டுரையின் முக்கியச் சான்று. ஆண்டுத் தொகை எட்டு லட்சம் ரூபாயாக உயர்ந்தது. அந்தத் தொகை ஒழுங்காக வராது என்று கவர்னர் ஜெனரலுக்குத் தோன்றினால், நாட்டின் எந்தப் பகுதியையும் கம்பெனி நேரடியாக நிர்வகிக்கலாம்; அப்போது அரசருக்கு இரண்டு லட்சம் ரூபாயும் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் கிடைக்கும். ஒற்றிப் பத்திரம் எழுதிப் பழகிய நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இதன் பொருள் உடனே விளங்கும்: வட்டி தவறினால் வயல் கடன் கொடுத்தவன் கைக்குப் போகும். இங்கே வட்டியைக் கூட்டுவதும், அது தவறுமா என்று தீர்மானிப்பதும் கடன் கொடுத்தவனே. கம்பெனியின் அனுமதியின்றி ஐரோப்பியர் எவரையும் அரசர் வேலைக்கு வைக்கக்கூடாது என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருந்தது. தோற்ற எதிரியைத் தளபதியாக்கி வென்ற அரசு, அதன்பின் தன் படைக்கு ஆள் எடுக்க நண்பனிடம் கேட்க வேண்டியதாயிற்று.

இதற்கு உடன்பட்ட தளவாய் வேலுத்தம்பி, கல்குளத்தை அடுத்த தலக்குளத்துக்காரர். தொடக்கத்தில் மெக்காலேயோடு நெருக்கமாக இருந்தவர். பாக்கி ஏறியது, நெருக்குதல் கூடியது, உறவு முறிந்தது. 1808 டிசம்பரில் கொச்சியில் ரெசிடென்ட் மாளிகை தாக்கப்பட்டது. 1809 ஜனவரியில் குண்டறையில் வேலுத்தம்பி அறிக்கை வெளியிட்டு மக்களை எழச் சொன்னார். அடுத்த மாதம் ஆரல்வாய்மொழி விழுந்தது. மண்ணடிக் கோயிலில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரது உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் பார்வைக்குத் தொங்கவிட்டார்கள். திருவிதாங்கூரின் படையும் பெரும்பாலும் கலைக்கப்பட்டது. அதன்பின் எட்டு லட்சத்துக்குக் கிடைத்த பாதுகாப்பைத் தவிர வேறு பாதுகாப்பு அந்த நாட்டுக்கு இல்லாமல் போயிற்று.

வேலுத்தம்பியின் வீரத்தை நினைவுகூரும்போது நாஞ்சில் நாட்டின் மறுபாதி வரலாற்றை மறைக்கக்கூடாது. 1810-இல் ரெசிடென்டாக வந்த ஜான் மன்றோ, 1811 முதல் 1814 வரை திவான் பதவியையும் தானே வகித்தார். ஒப்பந்த மொழியில் இது அத்துமீறல். ஆனால் அந்த ஆண்டுகளில்தான் நீதிமன்றங்கள் ஒழுங்குபெற்றன, ஏழைகளை வதைத்த வரிகள் சில ஒழிந்தன, 1812-இல் அடிமை வணிகத்துக்குத் தடை வந்தது. மிஷனரிகளான ரிங்கல்தௌபே மயிலாடியிலும் பின்னர் மீட் நாகர்கோவிலிலும் பள்ளியும் சபையும் நடத்த இடம் கிடைத்தது. மதம் மாறிய நாடார் பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை அணியலாம் என்ற உத்தரவும் மன்றோவின் காலத்தது. சொந்த அரசனின் ஆட்சியில் மேலாடைக்கு உரிமை இல்லாத பெண்ணிடம் போய், அந்நிய ரெசிடென்ட் உன் நாட்டின் இறையாண்மையைப் பறித்துவிட்டான் என்று சொன்னால் அவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகும் எந்தத் திறனாய்வும் முழுமையாகாது.

ஆயினும் அந்த நன்மைகளை ஒப்பந்தத்தின் கணக்கில் வரவு வைப்பது தவறு. அவை ஒரு மனிதரின் மனப்போக்கில் வந்தவை. அடுத்தவர் வந்ததும் நின்றன. 1812 தடை நிலத்தோடு கட்டுண்ட உழவடிமைகளுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் 1855 வரை காத்திருந்தார்கள். 1829-இல் அரச அறிக்கை மேலாடை உரிமையை மறுபடியும் மறுத்தது. அப்போதும் ரெசிடென்ட் இருந்தார், கம்பெனிப் படை இருந்தது, எட்டு லட்சம் போய்க்கொண்டுதான் இருந்தது. 1840 முதல் 1860 வரை ரெசிடென்டாக இருந்த கல்லன் அரண்மனைப் பக்கமே சாய்ந்தார். 1859 ஜூலையில் மேலாடையை அனுமதித்து வந்த அறிவிப்புக்குச் சென்னை கவர்னர் டிரெவிலியனின் அழுத்தம் உதவியது உண்மை. அந்த அழுத்தம் பிறக்கக் காரணம், அடிபட்டும் வீடு எரிந்தும் பின்வாங்காத தெற்குத் திருவிதாங்கூர் மக்கள். அந்த அறிவிப்பும் உயர்சாதியார் அணிவதுபோல அணிய அனுமதிக்கவில்லை. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர், திருவிதாங்கூர் அரசையும் வெள்ளையர் ஆட்சியையும் ஒரே மூச்சில் நீச ஆட்சி என்று கண்டித்தார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை அவர் ஏற்கவில்லை. அக்காலத்தில் கிடைத்த மிகத் தெளிவான அரசியல் பார்வை அதுதான்.

கூட்டாளியின் குறையை நிலத்துக்கான நெம்புகோலாக்குவதும் இங்கே நடந்தது. தெற்கில் நடக்கும் கொடுமைகளைப் பற்றி மிஷனரிகள் சென்னை அரசுக்கு மனு எழுதினார்கள். அந்தக் கொடுமைகள் உண்மையானவை. 1855-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி, ஆட்சியைச் சீர்செய்யாவிட்டால் நாட்டை இணைத்துக்கொள்ள நேரும் என்று எச்சரிக்கச் சொன்னார். அவதிப்பட்டவர்கள் கேட்டது நீதி. கல்கத்தாவில் அது நாட்டை எடுத்துக்கொள்ளக் காரணமாக மாறியது. 2025 மார்ச்சில் அமெரிக்கத் துணை அதிபர் வான்ஸ் கிரீன்லாந்துத் தளத்தில் நின்று, டென்மார்க் கிரீன்லாந்து மக்களை நன்றாக நடத்தவில்லை என்று பேசியதைக் கேட்டபோது இந்த 1855 நினைவுக்கு வராமல் இருக்காது. கிரீன்லாந்துப் பெண்களுக்கு அவர்கள் அறியாமலே கருத்தடைச் சாதனம் பொருத்திய டென்மார்க்கின் பழைய குற்றம் உண்மை. 2025-இல் அந்நாடு மன்னிப்பும் கேட்டது. அந்தக் குற்றத்துக்குரிய பரிகாரம் அப்பெண்களுக்குச் சேரவேண்டியது. 1953-இல் இதே தளத்துக்காக உள்ளூர் வேட்டைக் குடும்பங்கள் வீட்டைவிட்டு வடக்கே பெயர்க்கப்பட்டபோது, வலிய நாடும் கூட்டாளியும் ஒரே பக்கம்தான் நின்றன.

திருவிதாங்கூரைக் கம்பெனியும் அதன்பின் வந்த பிரிட்டிஷ் அரசும் கடைசிவரை இணைத்துக்கொள்ளவில்லை. டி. மாதவராவ் போன்ற திவான்கள் நிர்வாகத்தைச் சீராக்கி அதற்கான சாக்கை இல்லாமல் செய்தார்கள் என்பது ஒரு காரணம். இணைக்காமலே வேண்டியது கிடைத்தது என்பது இன்னொன்று. 1886 அக்டோபரில் முல்லைப் பெரியாற்று அணைக்கான குத்தகை பிரிட்டிஷ் அரசோடு கையெழுத்தானது: 8,000 ஏக்கர், 999 ஆண்டுகள், ஏக்கருக்கு ஐந்து ரூபாய், ஆண்டுக்கு 40,000 ரூபாய். 1895-இல் முடிந்த அந்த அணை மதுரை, ராமநாதபுரம் வறள்நிலங்களுக்கு உயிர் கொடுத்தது. அதைக் கட்டிய பென்னிகுயிக்கை இன்றும் தேனி மக்கள் கும்பிடுவதில் நியாயம் இருக்கிறது. குத்தகை செல்லும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தமிழகத்துக்கு அந்த நீர் வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆனால் ரெசிடென்ட் தலைநகரில் உட்கார்ந்திருக்கும் நாட்டோடு செய்த 999 ஆண்டுப் பேரம், இரு பக்கமும் சமமாக நின்று செய்தது என்று எவரும் வாதிட முடியாது. கேரளத்தில் அந்தப் பத்திரத்தின் மேல் இன்றும் தீராத கசப்பு அங்கிருந்து வருகிறது. நல்ல பயனைத் தரும் ஓர் அணைகூட அது பிறந்த விதத்தின் பாரத்தைச் சுமக்க வேண்டியிருக்கிறது.

ஆக, பாதுகாப்பு என்ற வகையில் இந்த நடைமுறை தோற்றது என்று சொல்வதற்கில்லை. 1809-க்குப் பின் ஆரல்வாய்மொழி வழியாகப் படையெடுப்பு எதுவும் வரவில்லை. அது தோற்றது வேறு இரண்டு இடங்களில். விலையைக் கூட்டும் அதிகாரம் ஒருவரிடமே இருந்தது. வெளியேறும் வாசல் எங்கும் எழுதப்படவில்லை. நடுவர் இல்லாத, காலவரம்பு இல்லாத எந்தக் கூட்டும், கூட்டாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இதே வழியில்தான் போகும். அதைவிடப் பெரிய குறை, தோவாளையிலும் கல்குளத்திலும் உழுது வாழ்ந்தவர்கள் எந்தப் பத்திரத்திலும் ஒரு தரப்பாக இல்லை என்பது.

அந்த மக்கள் தரப்பாக வந்தது மிகப் பின்னால். மார்ஷல் நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் கேட்டு, 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைக் கொடுத்து, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தன. இந்த நிலம் கைமாறிய வரலாற்றில் அங்கு வாழ்பவர்கள் கேட்டு நடந்த மாற்றம் அது. கிரீன்லாந்தில் ஏறத்தாழ 57,000 பேர் வாழ்கிறார்கள். அவர்களைத் தனி மக்களாக ஏற்று, சுதந்திரம் வேண்டுமா என்ற முடிவை அவர்களிடமே விட்டிருக்கிறது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். வாஷிங்டனும் கோபன்ஹேகனும் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதானாலும், முதல் கையெழுத்து அவர்களுடையதாக இருக்க வேண்டும்.