வைக்கோற்போரும் ஓர் ஆரஞ்சுப் பழமும்

தஞ்சைத் தரணியின் பழைய சிற்றூர் வாழ்வைப் போற்றும் நினைவுக் கட்டுரைகளை நாம் விரும்பிப் படிக்கிறோம். கிட்டிப்புள், பம்பரம், பல்லாங்குழி. ஆடிப்பெருக்கன்று சிறுவர் இழுத்துச் சென்ற சப்பரம். களத்துமேட்டு வைக்கோற்போரைச் சுற்றிக் கண்ணாமூச்சி. இவை மறைந்தன என்று அக்கட்டுரைகள் வருந்துகின்றன. அவ்வருத்தம் பொய்யன்று. அறுவடை இயந்திரம் வந்தபின் கதிர் வயலிலேயே நெல்லாகிவிடுகிறது. களத்துக்கு வேலையில்லை, போருக்கு இடமில்லை. ஜூன் 12இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை, 2012இல் செப்டம்பரிலும் 2017இல் அக்டோபரிலுமே பாசனத்துக்குத் திறந்தது. அத்தகைய ஆண்டுகளில் ஆடிப்பெருக்கு, பெருக்கில்லாமலே வந்து போயிற்று.

ஆயினும் இக்கட்டுரையாளர்களிடம் நமக்கு ஒரு கேள்வி உண்டு. அந்த வைக்கோற்போரில் விளையாடியவர்கள் யாருடைய பிள்ளைகள்? அதை அடித்துப் போட்டவரின் பிள்ளைகள் அவ்வேளையில் எங்கிருந்தார்கள்? பண்ணையாளின் மகன் பண்ணையாரின் மாடுகளை மேய்த்துக்கொண்டிருந்தான். மகள் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டிருந்தாள். 1968 டிசம்பர் 25 இரவில், அன்றைய தஞ்சை மாவட்டக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட மக்களில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். கிறிஸ்து பிறப்பை நாம் கொண்டாடிய இரவு அது!

தி. ஜானகிராமன் (1921–1982) இம்மண்ணின் அழகில் தோய்ந்தவர். சிட்டியுடன் சேர்ந்து 'நடந்தாய் வாழி, காவேரி' தந்தவர். அவரே 'சிலிர்ப்பு' என்னும் சிறுகதையையும் எழுதினார். ரயில் பெட்டியில் தந்தையுடன் ஒரு சிறுவன். அதே பெட்டியில், தொலைதூர நகரில் வீட்டு வேலைக்கு அழைத்துச் செல்லப்படும் ஒரு சிறுமி. சிறுவன் தன் ஆரஞ்சுப் பழத்தை அவளுக்குக் கொடுத்துவிடுகிறான். விளையாடக் கிடைத்த பருவமும், கிடைக்காத பருவமும் அங்கே எதிரெதிரே அமர்ந்திருக்கின்றன. ஆசிரியர் அறிவுரை கூறவில்லை. சிறுமியை மறைக்கவும் இல்லை. நினைவுக் கட்டுரைகள் பெரும்பாலும் மறந்துபோவது இந்தச் சிறுமியைத்தான்.

புதுமை ஒரு கையால் எடுத்தது, மறு கையால் கொடுத்தது. இயந்திரம் களத்தைக் கொண்டுபோயிற்று. அறுவடைக் கூலியையும் குறைத்தது. பள்ளியும், 1982இல் வந்த சத்துணவுத் திட்டமும் மாடு மேய்த்த சிறுவனை வகுப்பறைக்கு அழைத்தன. இரண்டையும் ஒருசேர எழுதும் பேனாவையே நாம் எதிர்பார்க்கிறோம். இழந்த விளையாட்டுக்காக அழுவோம். அதற்குமுன், அதனை ஒருநாளும் பெறாதிருந்த குழந்தையின் பெயரைக் கேட்டறிவோம்.